ஆலயச் சாவி உங்கள் கைக்கு வரும்போது

சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தல் முடிந்த புதிதிலோ, வெளியூரிலிருந்து மாறி வந்து ஒரு சபையில் பெயர் கொடுத்த புதிதிலோ, "ஆலயத்துக்கு நானும் ஏதாவது செய்யணும்" என்று மனசு கிடந்து தவிக்கும். யாரிடம் கேட்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் பலர் கடைசிப் பெஞ்சிலேயே வருஷக்கணக்காக இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் இருப்பது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபை. இருபது வருஷத்துக்கு மேலாக ஆலய வேலைகளில் கைகொடுத்து வருகிறேன். பெரிய பொறுப்பு எதிலும் இருந்ததில்லை. பெருக்கியிருக்கிறேன், மணி அடித்திருக்கிறேன், காணிக்கை எண்ணியிருக்கிறேன், அசனம் என்கிற சபை விருந்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அங்கே கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், "உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்" என்கிறார் பவுல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உக்கிராணம் என்றால் விளங்குவதில்லை. கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், வெற்றிலை எல்லாவற்றையும் ஓர் அறையில் இறக்கி, நம்பிக்கையான ஒருவரைப் பொறுப்பாக வைப்பார்கள். அந்த அறைதான் உக்கிராணம். அங்கே இருக்கிறவருக்கு ஒரு தேங்காய்கூடச் சொந்தமில்லை. ஆனால் ஒவ்வொரு தேங்காய்க்கும் அவர்தான் பதில் சொல்லவேண்டும். சமையற்காரர் கேட்டால் அளந்து கொடுப்பார், மிஞ்சியதை வீட்டுக்காரரிடம் எண்ணி ஒப்படைப்பார்.

ஆலயத்தில் நம் கைக்கு வருவதெல்லாம் அப்படித்தான். ஆல்டர் என்கிற பீடத்தின் துணி, மணிக்கயிறு, காணிக்கைப் பை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், நோயில் கிடப்பவர் நம்மை நம்பிச் சொன்ன பேச்சு, எதுவுமே நமக்குச் சொந்தமில்லை. எல்லாம் கர்த்தருடையது. இந்த நினைப்பு உள்ளே இருந்தால் கை தானாக மெதுவாகப் போகும், நாக்கு தானாக அடங்கும். எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தில் "பயத்தோடும் பக்தியோடும்" ஆராதனை செய்யச் சொல்லியிருப்பதை நான் விளங்கிக்கொண்டது இப்படித்தான்.

முதல் படி: கேளுங்கள், ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்

ஆராதனை முடிந்து வாசலில் ஐயர், அதாவது சபைக் குருவானவர், கைகுலுக்கிக்கொண்டிருக்கிற கூட்டத்தில் கேட்காதீர்கள். வாரநாளில் ஒரு சாயங்காலம் குருமனைக்குப் போய், உட்கார்ந்து சொல்லுங்கள். "என்ன வேலை இருக்கு?" என்று கேட்பதைவிட, "இன்ன நேரம் என்னால் வரமுடியும், எதுக்கு ஆள் குறைவா இருக்கு?" என்று கேட்பது அவருக்கு உதவியாக இருக்கும். பெரும்பாலும் ஆள் குறைவாக இருப்பது பெருக்குவதற்கும் பாய் விரிப்பதற்கும்தான். மைக் பிடிக்க எப்போதும் ஆள் உண்டு.

ஒரு வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம் என்று மூன்றில் பெயர் கொடுத்துவிட்டு, அடுத்த லெந்து என்கிற உபவாச காலம் வருமுன் மூன்றிலும் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம், 52 ஞாயிறு, ஒரே வேலை. அதைச் செய்து பாருங்கள். ஊருக்குப் போகவேண்டி வந்தால் முந்தின புதன்கிழமைக்குள் சொல்லி, உங்களுக்குப் பதில் ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். வரமுடியாது என்பதை ஞாயிறு காலையில் போனில் சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

வழக்கங்களைக் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பாரம்பரியங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. அதனால் ஒரே திருச்சபைக்குள்ளேயே ஓர் ஊரில் திருவிருந்துத் திராட்சரசத்தை முழங்காலில் நின்று ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவார்கள், இன்னோர் ஊரில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வாங்குவார்கள். எங்கள் பழைய திருநெல்வேலி ஜில்லாவுக்குள்ளேயே, இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு மிஷன் சங்கங்களில் எஸ்.பி.ஜி. மிஷனெரிகள் வளர்த்த நாசரேத், முதலூர், இடையன்குடிப் பக்கத்து முறை ஒரு மாதிரி, சி.எம்.எஸ். வளர்த்த மெய்ஞ்ஞானபுரம் பக்கத்து முறை வேறு மாதிரி என்று பெரியவர்கள் சொல்வார்கள். "எங்க ஊர்ல இப்படித்தான் செய்வோம்" என்று வந்த முதல் மாதமே திருத்தப் புறப்படாதீர்கள். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பாதிக்குமேல் நல்ல காரணம் இருக்கும்.

சனிக்கிழமை ராத்திரி

ஞாயிறு ஊழியம் சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடும். துணியைத் தேய்த்து வைப்பது, செருப்பைத் துடைத்து வைப்பது, வண்டிக்குப் பெட்ரோல் பார்ப்பது எல்லாம் அன்றைக்கே முடியட்டும். குடும்ப ஜெபத்தில் மறுநாள் வேதபாடங்களை வாசித்துவிடுங்கள். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அன்று ராத்திரியே போன் போடுங்கள். மறுநாள் காலையில் அதே ஆளோடு சேர்ந்து ஜமுக்காளத்தின் இரண்டு முனையைப் பிடிக்கவேண்டியிருக்கும்.

கதவைத் திறப்பது

சாமுவேலின் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும் ஒரு வரி. கர்த்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிய ராத்திரி முடிந்ததும், அந்தப் பையன் விடியும்வரை படுத்திருந்துவிட்டு, எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். தேவசத்தத்தைக் கேட்டவன் என்பதற்காக அன்றைக்குக் கதவைத் திறக்கும் வேலையை வேறு யாரும் பார்க்கவில்லை.

ஆராதனை ஏழரைக்கு என்றால் ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கவேண்டும். உள்ளே போனதும் விளக்கைப் போடுமுன் அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்கள். "உன் நடையைக் காத்துக்கொள்" என்று பிரசங்கி சொன்னது இந்த வாசற்படிக்கும் சேர்த்துத்தான். பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

கூரை உயர்ந்த பழைய ஆலயம் என்றால் புறா இருக்கும். முதலில் பெஞ்சுகளின் மேலும் ஆல்டருக்கு முன்னும் எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூசி பறக்கும், மூச்சுக்கும் கெடுதல். ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெருக்கும்போது ஆல்டர் பக்கத்திலிருந்து வாசல் பக்கமாகப் பெருக்கி வாருங்கள். மின்விசிறி, மைக், மழைக்காலம் என்றால் ஜன்னலோரத்துத் தண்ணீர், இவற்றைப் பார்த்துவிட்டு, முழங்கால்படியிட முடியாத ஆச்சிமாருக்கு நாலு நாற்காலி முன்னால் போட்டு வையுங்கள். நம்மை வரவேற்கக் காத்திருந்தார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவேண்டும்.

மணி அடிப்பதைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் சத்தம் இரட்டையாக, உடைந்த மாதிரி விழும். இழுத்தபின் மணி தானாகத் திரும்பி வருகிற கனம் கைக்குத் தெரியும். அது வரும்வரை கயிற்றைக் கையோடு மேலே போகவிட்டு, இறங்கும்போது மறுபடி இழுக்கவேண்டும். முதல் மணி, இரண்டாம் மணி நேரம் தவறக்கூடாது. வயலில் நிற்கிறவர், அடுப்பில் குழம்பை வைத்திருக்கிறவர் எல்லாம் அதை நம்பித்தான் புறப்படுகிறார்கள். துக்க மணி அடிக்கும் முறை ஊருக்கு ஊர் வேறு. அதை, ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற பணியாளரான கோயில்குட்டியாரிடம் தனியாகக் கேட்டுப் பழகுங்கள். தப்பாக அடித்தால் ஒரு வீடே பதறிப்போகும்.

ஆல்டர் வேலை

திருவிருந்துக்கு ஆல்டரை ஆயத்தம் செய்யும் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்தால், அதை மெதுவாகச் செய்யும் ஒருவர் பக்கத்தில் நின்று மூன்று நாலு தடவை பார்த்துவிட்டுத் தொடுங்கள். எனக்குக் கற்றுத்தந்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளைத் துணியை அவர் விரிக்கும்போது உதறமாட்டார். மடிப்பு மடிப்பாகத் திறந்து, நடுவில் போட்டிருக்கும் சிலுவைத் தையல் ஆல்டரின் நடுவுக்கு வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு தடவை தடவிவிடுவார். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் அசைப்பார். வெளியே வந்தபிறகுதான் பதில் வரும்.

துணியின் நிறத்தைத் திருச்சபைக் காலத்தைப் பார்த்து மாற்றவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வருகைக் காலத்துக்கும் லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, திரித்துவ ஞாயிற்றுக்குப் பின்வரும் நீண்ட காலத்துக்குப் பச்சை. பூ வைப்பது உங்கள் பொறுப்பு என்றால், வீட்டுத் தோட்டத்துப் பூ போதும், ஆனால் அன்றைக்குப் பறித்ததாக இருக்கட்டும். போன வாரத்து வாடல் பூவைப் பீடத்தில் விட்டுவைக்காதீர்கள்.

அப்பம், திராட்சரசம் எவ்வளவு வேண்டும் என்பதை ஐயரிடம் கேட்டு எடுத்து வையுங்கள். பிரதிஷ்டை செய்தது மிஞ்சினால் குருவானவரும் அவர் அழைக்கிறவர்களும் அங்கேயே பயபக்தியோடு உட்கொண்டுவிடுவார்கள். அதன்பிறகு பாத்திரங்களைக் கழுவும்போது முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எங்கள் ஆலயத்தில் வடபுறத்துச் செடி ஒன்றின் மூட்டில் ஊற்றுவோம். துணியில் ரசம் சிந்திவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. தனி வாளி, தனிச் சோப்பு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஆண்டவர் இருதயத்தைத்தானே பார்க்கிறார் என்பார்கள். பார்க்கிறார், உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் கை அலட்சியமாகப் பழகிவிட்டால் இருதயமும் கொஞ்ச நாளில் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

உடன்படிக்கைப் பெட்டியைக் கைநீட்டிப் பிடித்து அங்கேயே விழுந்து செத்த ஊசாவை நினைத்துக்கொள்வேன். உடன்படிக்கைப் பெட்டி கீரியாத்யாரீமில் அபினதாபின் வீட்டில் இருபது வருஷத்துக்குக் குறையாமல் இருந்தது. ஊசா அந்த வீட்டுப் பிள்ளை. அந்தப் பெட்டியை நாள்தோறும் பார்த்தே வளர்ந்திருப்பான். நாகோனின் களத்தில் மாடுகள் மிரண்டபோது அவன் கை தயங்காமல் நீண்டதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். புதிதாக வந்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. ஐந்தாறு வருஷம் ஆனவருக்குத்தான் உண்டு. ஆல்டர் கம்பியில் சாய்ந்து நின்று போன் பார்க்கிறோம், பீடத்தின்மேல் சாவிக்கொத்தை வைக்கிறோம் என்று தெரியவந்தால், ஒரு மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை செய்யுங்கள். நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

வேதபாடம் வாசிப்பது

நெகேமியா காலத்தில் லேவியர் புஸ்தகத்தைத் "தீர்க்கமாக வாசித்து" ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். அதுதான் அளவு. பாடத்தை வீட்டில் மூன்று தடவை சத்தமாக வாசியுங்கள். நேபுகாத்நேச்சார், எப்பாப்பிரோதீத்து மாதிரிப் பெயர்களைப் பென்சிலால் பிரித்துப் பழகிக்கொள்ளுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் நீளமாக ஓடும். எங்கே மூச்சு விடுவது என்று முன்னமே குறித்து வைத்தால்தான் பொருள் கேட்கிறவர் காதில் போய் விழும். போனைப் பார்த்து வாசிக்காதீர்கள், வாசிப்புமேடையில் இருக்கும் வேதாகமத்தைப் பார்த்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடாதீர்கள்.

காணிக்கை

இதில் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். நல்ல ஆட்கள் விழுந்த இடம் இதுதான்.

யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் சேர்க்கவேண்டி வந்தது. யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (கணக்கெழுதுகிறவர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிக் கட்டினார்கள். இது 2 இராஜாக்கள் 12-இல் இருக்கிறது. ஒருவர் அரண்மனையைச் சேர்ந்தவர், ஒருவர் ஆலயத்தைச் சேர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் அதுதான் முறை. எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது இருக்கவேண்டும். ஆலயத்துக்குள்ளேயே, ஆராதனை முடிந்த கையோடு எண்ணவேண்டும். நோட்டு வாரியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பொருளாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். "சாயங்காலம் எண்ணிக்கலாம்" என்று பையை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. ஒரு ராத்திரிகூடக் கூடாது.

காணிக்கைக் கவரில் யார் எவ்வளவு போட்டார் என்பது உங்கள் கண்ணில் படும். பட்டது அங்கேயே போகட்டும், வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லக்கூடாது.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். எண்ண ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டியிருந்தது. என் பையிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் குவியலில் வைத்துவிட்டு ஐந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டேன். கணக்கு ஒரு பைசா குறையவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எண்ணி முடித்து, எழுதி, கையெழுத்துப் போட்டபிறகு என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீ எடுத்தது உன் காசுதான், எனக்குத் தெரியும். ஆனா ஜன்னல்ல ஒரு சின்னப்பிள்ளை நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. நீ காணிக்கைக் குவியல்ல கைவிட்டுப் பைக்குள்ள வச்சதுதான் அதுக்குத் தெரிஞ்சிருக்கும்." எனக்கு முகத்தில் இரத்தம் ஏறிவிட்டது. அன்றிலிருந்து எண்ணப் போகும்போது பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கொரிந்துவில் சேர்த்த தர்மப்பணத்தைக் குறித்து, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று பவுல் எழுதியது அந்த வேப்பமரத்தடியில்தான் எனக்கு விளங்கியது.

சின்னக் காணிக்கையை அற்பமாக எண்ணாதீர்கள். எங்கள் பக்கத்தில் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுவருகிற பிடியரிசிக் காணிக்கை உண்டு. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று தீர்மானித்துத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதன் செயலாளராக இருந்தார். பிறகு தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போய், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நம்மைப்போன்ற ஊர்களின் காணிக்கையைத்தான் அந்தச் சங்கம் நம்பியிருந்தது. பானையில் இருக்கும் அரிசியை அளக்கிறவர் ஒரு மணியையும் சிந்தாமல் அளக்கவேண்டும்.

அசனத்தில் பரிமாறுவது

பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் வரும்போது புதியவர்களுக்கு நல்ல வாய்ப்பு. முந்தின ராத்திரியே வெங்காயம் உரிக்க, தேங்காய் துருவ ஆள் வேண்டும். போய் உட்கார்ந்துவிடுங்கள். சபையை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பரிமாறும்போது நாலு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ஆள் பார்த்துக் கறித்துண்டு போடக்கூடாது. யாக்கோபு நிருபத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்ததைக் கண்டிக்கிற வசனம் அசனப் பந்திக்கும் சேர்த்துத்தான். கரண்டியை இலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துப் போடாதீர்கள், குனிந்து போடுங்கள். "போதும்" என்கிற சிறுபிள்ளைக்குத் திணிக்காதீர்கள். கடைசிப் பந்திக்குக் கறி இருக்கிறதா என்று மூன்றாம் பந்தியிலேயே அண்டாவை எட்டிப் பாருங்கள். கடைசிப் பந்தியில் உட்காருவது பெரும்பாலும் பாத்திரம் கழுவுகிறவர்கள், தூரத்துக் காலனியிலிருந்து நடந்து வருகிறவர்கள். ஒரு வருஷம் எங்கள் அசனத்தில் அவர்களுக்கு வெறும் குழம்புதான் மிஞ்சியது. அடுத்த வருஷத்திலிருந்து முதல் பந்தி ஆரம்பிக்குமுன்பே கடைசிப் பந்திக்கென்று ஒரு சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுகிறோம்.

நோயாளியைப் பார்க்கப் போவது

தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியானாலும் வீடானாலும் போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள். நின்றுகொண்டே பேசாதீர்கள், உட்காருங்கள். பத்து நிமிஷம் போதும். "எங்க சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான்" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. "பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்பது அதைவிடக் கொடுமை. யோபின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் இருந்ததுதான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். ஜெபம் பண்ணட்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் 23-ஆம் சங்கீதத்தையோ 121-ஆம் சங்கீதத்தையோ மெதுவாக வாசித்து, அவர் பேரைச் சொல்லிச் சுருக்கமாக ஜெபியுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரிடம், "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவரை யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்டது எதையும் அடுத்த ஞாயிறு ஜெபக்குறிப்பு என்ற பேரில் சபைமுன் வைக்காதீர்கள், அவர் சம்மதித்தால் ஒழிய.

பிள்ளைகள் நடுவே

ஓய்வுநாள் பள்ளியிலோ வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களிலோ உதவப் போனால், எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்திருக்கவேண்டும். அடிக்கக்கூடாது. படத்தை எடுத்துப் போனில் பரப்பக்கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த தீங்கைச் சொன்னால் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். நம்பிக் கேளுங்கள், உடனே பொறுப்பானவர்களிடம் சொல்லுங்கள், 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்குப் போன் செய்யத் தயங்காதீர்கள். சபையின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதைப் பக்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சண்டை வரும்போது

வரும். சபைத் தேர்தல் நேரத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து, சொந்த அண்ணன் தம்பி பேசாமல் போகிற ஊர்கள் உண்டு. உங்களிடமும் வந்து, "நீ எந்தப் பக்கம்?" என்பார்கள். ஓட்டு உங்கள் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் போடுங்கள். ஆனால் துடைப்பத்தையும் மணிக்கயிற்றையும் எந்த அணிக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தேர்தலில் தோற்ற மறுவாரம் பாடகர் குழுவிலிருந்து விலகிப்போனவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அதே தேர்தலில் தோற்ற ஒருவர் மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வந்து ஜமுக்காளம் விரித்ததையும் பார்த்திருக்கிறேன். அவரோடு சேர்ந்து நானும் ஒரு முனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நன்றி வராத நாட்களும் இருக்கும். பத்திரிகையில் பேர் விட்டுப்போகும், பொன்னாடை வேறு ஆளுக்குப் போகும். லூக்கா 17-இல் ஆண்டவர் சொன்னதை அன்று ராத்திரி வாசியுங்கள்: "செய்யவேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்." அது மனசை ஆற்றிவிடும்.

வீட்டைக் கெடுத்து ஊழியம் செய்யாதீர்கள். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு உங்கள் ஊழியம் கஞ்சி வைப்பதுதான். ஐயரிடம் சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள்.

அடுத்தவரிடம் கொடுப்பது

ஒரு வேலையை நன்றாகப் பழகிய இரண்டாம் வருஷத்திலேயே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிடுங்கள். நான்தான் செய்யவேண்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தால் உக்கிராணக்காரன் பண்டகசாலைக்கே சொந்தம் கொண்டாடிய கதையாகிவிடும். ஆல்டர் துணிகள் எத்தனை, எந்த அலமாரி, எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு, மணிக்கயிறு மாற்றிய தேதி என்ன, பாய்கள் எத்தனை, யார் வீட்டில் இரவல் போயிருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

எங்கள் கோயில்குட்டியாருக்கு முழங்கால் முடியாமல் போனபோது மணிக்கயிற்றை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். மூன்று வாரம் அவன் கைக்குமேல் தன் கையை வைத்துச் சேர்ந்து இழுத்தார். நான்காம் வாரம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். பையன் தனியாக இழுத்தான். ஏழாவது அடி மட்டும் கொஞ்சம் இரட்டித்தது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "கயித்த சுத்தி ஆணியில மாட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.